டெம்பர்ட் கண்ணாடி என்றால் “மென்மையான” கண்ணாடியா? (சொல் உதவி தேவை)

பொங்கோல்வாசி

வணக்கம். நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் வந்திறங்கிய கண்ணாடிப் பலகைகளோடு நான்கு மொழியிலும் அச்சிட்ட எச்சரிக்கைத் தாள் ஒன்று வந்தது. தமிழ்ப் பகுதியின் முதல் வரி இது: “மென்மையான கண்ணாடி. கவனமாகக் கையாளவும்.” ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் டெம்பர்ட் (tempered). எந்த இயந்திரத்திடம் கொடுத்து எடுத்தார்களோ தெரியவில்லை.

காலையில் வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல்பாக்ஸ் மீட்டிங்) இதை வாசித்துக் காட்டியதும், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஒரு தம்பி, “அண்ணே, மென்மையான கண்ணாடின்னா வளையுமா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு நாமே ஒன்று எழுதிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தால் வேறு குழப்பம். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளின் ஆங்கிலக் கருத்தறிதல் தாளில், ‘அவளுடைய மகிழ்ச்சி, தம்பி தோற்றுவிட்டான் என்ற செய்தியால் டெம்பர்ட் ஆனது’ என்கிற மாதிரி ஒரு வரி. மகிழ்ச்சி என்ன ஆனது என்று கேள்வி. “இன்னும் உறுதியானது” என்று எழுதியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால், “டெம்பர்ட் கிளாஸ் ஸ்ட்ராங்தானே அப்பா?” என்கிறாள். ஆசிரியர் தவறு போட்டு, “குறைந்தது” என்று திருத்தியிருக்கிறார்.

கண்ணாடிக்கு வந்தால் கூடுகிறது, மகிழ்ச்சிக்கு வந்தால் குறைகிறது. ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் இழுக்கிறது? தாளுக்குத் தமிழில் என்ன போடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உலைக்கூடம்

எஃகிலிருந்து தொடங்கினால்தான் இது பிடிபடும். ஜூரோங் பக்கம் பல வருடம் இந்த வேலையில்தான் இருந்தேன்.

கரிமம் கலந்த எஃகை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் அது மிகக் கடினமாகிவிடும். அரம் வைத்து ராவினால் வழுக்கும். ஆனால் அந்த நிலையில் அதை வேலைக்குக் கொடுக்க முடியாது. கீழே விழுந்தாலே முனை தெறிக்கும். அதனால் மறுபடி சூடு காட்ட வேண்டும், இந்த முறை குறைவாக: 200 பாகை, 300 பாகை, சில பொருள்களுக்கு 600 பாகை வரைக்கும். இந்த இரண்டாவது சூட்டுக்குப் பெயர்தான் டெம்பரிங். இதில் கடினம் கொஞ்சம் போய்விடும். அதற்கு விலையாக, அடி தாங்கும் குணம் வந்து சேரும்.

ஆக, எஃகில் டெம்பர்ட் என்றால் கடினத்தைக் குறைத்தது என்று அர்த்தம். உங்கள் மகளின் ஆசிரியர் சொன்ன “குறைந்தது” இங்கேயும் பொருந்துகிறது.

வெப்பமானி இல்லாத காலத்தில் நிறத்தைப் பார்த்தே இதைச் செய்வார்கள். இப்போதும் உளி தீட்டுகிற பழைய ஆட்கள் அப்படித்தான். உளியின் நுனியை மட்டும் முக்கி எடுத்து, கறுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்பகுதியில் இன்னும் சூடு இருக்கும். அது மெல்ல நுனிக்கு ஓடிவரும்போது நிறமும் கூடவே ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், அது 220, 230 பாகை. பிறகு பழுப்பு. 280 பாகை வாக்கில் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நல்ல நீலம். மேலே படியும் ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். சவரக் கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்திவிடுவார்கள். உளிக்குப் பழுப்பும் ஊதாவும். சுருள்வில்லுக்கு நீலம். வேண்டிய நிறம் நுனியைத் தொட்ட நொடியில் முழு உளியையும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பேச்சுக் கொடுத்தால் போச்சு.

எங்கள் ஊர்ப் பட்டறையில் இதைத் துவைச்சல் என்பார்கள். “அருவாளுக்குத் துவைச்சல் சரியில்ல, வாய் மடங்குது” என்று வந்து நிற்பார்கள். முக்குவது, நிறம் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஒரே பெயர்.

கிளாஸ்காரன்

உலைக்கூடம் அண்ணன் சொன்னது எஃகுக்குச் சரி. கண்ணாடியில் கதை தலைகீழ். ஷவர் கதவு, பால்கனித் தடுப்பு மாட்டுவதுதான் என் தொழில்.

கண்ணாடியை அறுத்து, ஓட்டை போட்டு, விளிம்பு தேய்த்து, எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் உலைக்குள் அனுப்புவார்கள். 600 பாகைக்கு மேல் சூடேற்றி, வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் வேகமாகக் காற்றடிப்பார்கள். மேல் தோல் உடனே இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு இருக்கும். உள்ளே இருப்பது பின்னால் ஆறிச் சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட தோலைப் பிடித்து இழுக்கும். அதனால் தோல் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், நடுப்பகுதி எப்போதும் இழுவையில் இருக்கும். கண்ணாடி உடைவது மேலே இருக்கும் நுண்ணிய கீறல் விரியும்போதுதான். தோல் அழுத்தத்தில் இருந்தால் கீறல் சுலபமாக வாய் திறக்காது. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம் என்று சொல்வது இதனால்தான்.

கவனித்தீர்களா? எஃகில் சட்டென்று குளிர வைப்பது முதல் படி, டெம்பரிங் அதற்கு அடுத்த படி. கண்ணாடியில் அந்தச் சட்டென்ற குளிர்ச்சியையே டெம்பரிங் என்கிறார்கள். வெள்ளைக்காரர்களிலேயே பிரிட்டன்காரர்கள் இதை டஃபண்ட் கிளாஸ் என்பார்கள். அமெரிக்கர்கள்தான் டெம்பர்ட். சிங்கப்பூரில் இரண்டும் ஓடுகிறது என்றாலும், கடையில் போய்க் கேட்டால் டெம்பர்ட் என்றால்தான் உடனே புரியும்.

தாளில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, தளத்தில் வைத்து இதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. கிரைண்டர் பட்டால் பலகை முழுவதும் கொட்டிவிடும். இரண்டு, மூலையைத் தரையில் ஊன்றக் கூடாது. பலகையின் நடுப்பரப்பில் குத்தினாலும் தாங்கும். மூலையில் ஓடு ஒன்று தட்டினால் போதும், முடிந்தது. மரத்துண்டோ ரப்பரோ கீழே வைக்கச் சொல்லுங்கள். மூன்று, உடைந்தால் கல்கண்டு மாதிரி சின்னச் சின்னக் கட்டியாகத்தான் உதிரும், ஆனால் கண்ணுக்குள் போனால் போனதுதான். கண்ணாடி அணியாமல் கண்ணாடியைத் தொடக் கூடாது. (இதை வேறு மாதிரி எழுதுங்கள், சிரிப்பார்கள்.)

சொல்வெட்டி

அப்படியென்றால் அந்தப் பிள்ளை எழுதியதில் என்ன தப்பு? கண்ணாடிக்கு “உறுதியானது” சரி என்று கிளாஸ்காரனே சொல்லிவிட்டாரே. தொழிலுக்கு ஒரு பொருள், இலக்கியத்துக்கு ஒரு பொருள் என்று இந்தச் சொல் எப்போதோ பிரிந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரு முடிச்சுப் போட்டே தீருவோம் என்று ஏன் அடம்? ‘படி’ என்றால் மாடிப்படியும்தான், பாடம் படிப்பதும்தான். யாரும் இரண்டையும் இணைக்க மெனக்கெடுவதில்லை.

ஈசூன் டீச்சர்

‘படி’ உதாரணம் இங்கே ஒட்டாது, சொல்வெட்டி. இந்தச் சொல்லில் முடிச்சு உண்மையாகவே இருக்கிறது.

மூலம் லத்தீன் வினை, தெம்பராரே. சரியான அளவில் கலப்பது, வேண்டிய அளவோடு நிறுத்துவது என்று பொருள். திராட்சை மதுவில் தண்ணீர் கலப்பதும் அதுதான். டெம்பரேச்சர், டெம்பரமெண்ட், மிதவெப்ப மண்டலத்துக்கு வரும் டெம்பரேட், முட்டைக் கருவில் நிறப்பொடி குழைத்துத் தீட்டும் டெம்பரா ஓவியம் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பதமாக்குவதற்கும் ஆங்கிலத்தில் டெம்பர் என்ற வினை உண்டு. அதிலிருந்து ஒதுங்கிப் போனதுதான் டாம்பர். பால்மாவு டப்பாவின் மூடியைத் தொட்டுக் கலைத்தார்களா என்று பார்க்கிறோமே, அந்த டாம்பர். மாணவர்கள் இந்த இரண்டையும் எழுத்து மாற்றி எழுதிவிட்டு வருவது வருடா வருடம் நடக்கிறது.

கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கப் போனால் இந்தச் சொல் பிடிபடாது. ஒரு பொருள் ஏதோ ஒன்றில் அளவு மீறி நிற்கிறது. இன்னொன்றைச் சேர்த்தோ சூடு காட்டியோ அதை வேலைக்கு ஆகிற நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். முறுக்கேறிய எஃகாக இருந்தால் முறுக்கு குறையும். கண்ணாடியில் அந்தக் கணக்கு கொஞ்சம் இழுபறிதான். பட்டறையிலிருந்து இரவல் வாங்கிய பெயர் என்று கிளாஸ்காரன் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

மனித உணர்ச்சியோடு வரும்போது பெரும்பாலும் மட்டுப்படுவதுதான். எப்போதும் துணைக்கு இன்னொன்று வரும், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். எதிர்பார்ப்பை எச்சரிக்கை டெம்பர் செய்யும். கோபத்தை நகைச்சுவை டெம்பர் செய்யும். மகிழ்ச்சியை ஒரு துக்கச் செய்தி டெம்பர் செய்யும். மகிழ்ச்சி இல்லாமல் போய்விடாது, இதுதான் முக்கியம். உங்கள் மகளுக்கு வந்த வரியில், அவள் மகிழ்ந்தாள், ஆனால் துள்ளிக் குதிக்கவில்லை. “குறைந்தது” என்பதோடு “துக்கமும் கலந்திருந்தது” என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். “மறைந்தது” என்று எழுதினால் கிடைக்காது.

நீதியைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படுவது, கருணையோடு டெம்பர் செய்த நீதி என்ற வழக்கு. ஆங்கிலக் கவிஞர் மில்ட்டனின் 1667 காவியமான ‘பாரடைஸ் லாஸ்ட்’டில் கடவுளின் மகன் இப்படித்தான் பேசுகிறார். நம்மிடம் இதற்கு ஒரு குறள் இருக்கிறது. வெருவந்த செய்யாமை அதிகாரம், 562:

கடிதோச்சி மெல்ல எறிக நெடிதாக்கம்
நீங்காமை வேண்டு பவர்.

கோலை ஓங்கும்போது கடுமையாக ஓங்கு, அடி விழும்போது மெல்ல விழட்டும். வகுப்பில் டெம்பர்ட் ஜஸ்டிஸ் என்று வந்தால் இந்தக் குறளைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

சொல்வெட்டி

டீச்சர், அப்படியே ‘ஷார்ட் டெம்பர்ட்’ எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுங்கள். பதமான ஆள் எப்படிச் சிடுமூஞ்சி ஆனார்?

ஈசூன் டீச்சர்

அது வேறு கிளை. மேலே சொன்ன டெம்பர்ட், வினையிலிருந்து வந்தது. குட் டெம்பர்ட், ஷார்ட் டெம்பர்ட், இல் டெம்பர்ட் எல்லாம் பெயர்ச்சொல்லோடு வால் ஒட்டியவை. டெம்பர் என்ற பெயர்ச்சொல்லுக்கு முதலில் மனநிலை, மனத்தின் சமநிலை என்றுதான் பொருள். டெம்பரை இழப்பது என்றால் அந்தச் சமநிலையை இழப்பது. காலப்போக்கில் இழந்த பிறகு வருகிற கோபத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதனால்தான் ஒருவருக்கு டெம்பர் இருக்கிறது என்றாலும் கோபக்காரர், டெம்பரை இழந்துவிட்டார் என்றாலும் கோபப்பட்டார். இருந்தாலும் வம்பு, தொலைந்தாலும் வம்பு.

மாணவர்களுக்கு ஒரு குறுக்குவழி: முன்னால் குட், பேட், ஹாட், ஈவன் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் ஆளின் குணம். தனியாக நின்றாலோ, பின்னால் வித் அல்லது பை வந்தாலோ மட்டுப்படுத்திய, பதப்படுத்திய பொருள்.

தெம்பனிஸ் தம்பி

கைப்பேசிக்கு ஒட்டுகிற டெம்பர்ட் கிளாஸும் இப்படி உலையில் போட்டுக் காற்றடிப்பதுதானா? சிம் லிம் ஸ்குவேரில் ‘9எச்’ என்று போட்டு விற்கிறார்கள்.

கிளாஸ்காரன்

தம்பி, அவ்வளவு மெல்லிசுக் கண்ணாடியில் காற்றடித்து உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் கொண்டுவருவது நடக்காத காரியம். அதை உப்புக் குழம்பில் ஊற வைப்பார்கள். சூடான பொட்டாசியம் உப்பில் போட்டால், கண்ணாடியின் மேல்பரப்பில் உள்ள சோடியம் வெளியேறி, அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பொட்டாசியம் போய் உட்காரும். சின்ன இருக்கையில் பெரிய ஆள் உட்கார்ந்தால் நெருக்கம், அதனால் அழுத்தம். முடிவு அதே முடிவுதான், வழி வேறு. பெயர் மட்டும் டெம்பர்ட்.

9எச் என்பது பென்சில் கணக்கு. 9எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழவில்லை என்று அர்த்தம். மணல் துகள் அதைச் சுலபமாகக் கீறிவிடும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கோகோ அக்கா

நீங்கள் எல்லோரும் இரும்பையும் கண்ணாடியையும் உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சாக்லேட்டை யாரும் பேசவில்லை. வீட்டில் சாக்லேட் செய்து தீபாவளிக்கு விற்கிறேன். இந்த ஊர் வெயிலில் டெம்பரிங் தெரியாமல் இந்தத் தொழிலில் இறங்கவே முடியாது.

கோகோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும். அதில் ஐந்தாம் விதம்தான் நமக்கு வேண்டியது. பளபளப்பாக இருக்கும், உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் வரும், 34 பாகைக்குப் பக்கத்தில்தான் உருகும். அதனால் கையில் சட்டென்று ஒட்டாது, வாயில் போட்டால் கரையும். சும்மா உருக்கி அச்சில் ஊற்றி விட்டுவிட்டால், கண்ட விதத்திலும் உறைந்து, சொதசொத என்று, மங்கலாக இருக்கும்.

டார்க் சாக்லேட் என்றால் முதலில் 45, 50 பாகைக்குக் கொண்டுபோய் எல்லா உறைவையும் கலைத்துவிட வேண்டும். அப்புறம் கிளறிக்கொண்டே 27, 28 வரைக்கும் ஆற விட வேண்டும். அப்போது நல்லதும் கெட்டதும் சேர்ந்து உறைய ஆரம்பிக்கும். மறுபடி 31, 32-க்கு ஏற்றினால் கெட்ட விதங்கள் கரைந்து, ஐந்தாம் விதம் மட்டும் மிஞ்சும். அதை விதையாக வைத்துக்கொண்டு மிச்சம் எல்லாம் அதே மாதிரி உறையும். அந்த ஒன்றிரண்டு பாகையில்தான் எல்லாம். எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் மத்தியானம் வெப்பநிலையே 31-ஐத் தாண்டும். பாத்திரம் 28-க்கு இறங்கவே இறங்காது. அதனால் ஏர்கான் போட்ட படுக்கையறையில் மேசை விரித்துத்தான் வேலை. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

இங்கே முஸ்தபா கடையில் வாங்கிப் பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துக்கொண்டு போகும் சாக்லேட், அங்கே போய்த் திறந்தால் வெள்ளை பூத்து நிற்கும். “பூசணம் பிடித்துவிட்டது” என்று அத்தை தூக்கிப் போட்டுவிடுவார். பெரும்பாலும் அது பூசணம் இல்லை. வழியில் உருகி, டெம்பர் கலைந்து, கொழுப்பு மேலே வந்து உறைந்திருக்கிறது. தாராளமாகச் சாப்பிடலாம்.

டீச்சர் சொன்ன கலக்கிற பொருள் இங்கே இல்லை, கவனியுங்கள். எதையும் சேர்ப்பதில்லை, எடுப்பதும் இல்லை. சூட்டை மட்டும் ஏற்றி இறக்குகிறோம்.

யாழ் சிராங்கூன்

அக்கா சமையலைத் தொட்டபடியால் நானும் ஒன்று சொல்லுறன். இந்தியாவில் அச்சிடும் ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் தாளிப்புக்கு டெம்பரிங் என்றுதான் போடுவினம். என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர், பருப்பை எப்படி டெம்பர் செய்வது என்று குழம்பிப்போனார். அவருக்கு அது முட்டை மஞ்சட் கருவுக்குள்ளே சுடு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கிறது. ஒரேயடியாக விட்டால் முட்டை திரைஞ்சுபோகும், அதற்காக.

இலங்கையில் சிங்களவர்கள் உருளைக்கிழங்கைத் தாளித்துப் பிரட்டினால் ‘அல தெம்பராது’ என்பார்கள். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல் அது. அவர்களுடைய மொழியில் தெம்பரார் என்றால் சுவையூட்டுறது, மசாலா சேர்க்கிறது. டீச்சர் சொன்ன லத்தீன்தான் அதற்கும் மூலம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் தாளிதம் என்று சொல்லுறது. கடுகும் செத்தல் மிளகாயும் கருவேப்பிலையும் வெடிச்சுக் குழம்பில் விழுகிற அந்தச் சத்தத்துக்கு, மட்டுப்படுத்துதல் என்கிற பொருள் ஒருநாளும் வராது. அங்கே குழம்பு தூக்கலாகுது.

சொல்வெட்டி

பார்த்தீர்களா, தாளிப்பில் கூடுகிறது. என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

ஈசூன் டீச்சர்

சுவையூட்டுவதும் கலப்பதுதானே? உங்கள் கட்சிக்கு ஆள் சேரவில்லை, விருந்தாளி வந்திருக்கிறார்.

சுருதிப்பெட்டி

இசையை விட்டுவிட்டீர்கள். அங்கே டெம்பர்ட் என்றால் வேண்டுமென்றே கொஞ்சம் பிசகுவது.

ஸ்வரங்களை இயற்கையான விகிதத்தில் வைத்தால், ஒரு சுருதியில் இனிக்கும், இன்னொரு சுருதிக்கு ஷட்ஜத்தை மாற்றினால் பல்லிளிக்கும். விசைப்பலகை வாத்தியத்தில் கம்பியை நொடிக்கு நொடி திருக முடியாது. அதனால் ஒவ்வொரு இடைவெளியையும் துளித்துளி நகர்த்தி, எல்லாச் சுருதிக்கும் ஒப்பேறுகிற மாதிரி செய்தார்கள். அதைத்தான் டெம்பரமெண்ட் என்பார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1722-இல் 24 சுருதிகளுக்கும் ஒவ்வொரு ஜோடி எழுதி வைத்த தொகுப்பின் பெயரே ‘வெல்-டெம்பர்ட் கிளாவியர்’. நன்கு டெம்பர் செய்த வாத்தியம் என்று அர்த்தம், நல்ல சுபாவமுள்ள வாத்தியம் என்று யாரோ ஒருமுறை எழுதியதைப் பார்த்து நொந்துபோனேன். பாக் பயன்படுத்திய முறையும் இன்றைய பியானோவின் சம இடைவெளி முறையும் ஒன்றுதான் என்று பலர் எழுதுகிறார்கள். அதுவும் நிச்சயமில்லாத பேச்சு.

இன்றைய பியானோவில், ஹார்மோனியத்தில், ஒரு ஸ்தாயியைச் (ஸ முதல் மேல் ஸ வரை) சரிசமமாகப் பன்னிரண்டு கூறு போட்டிருக்கும். ஒரு கூறுக்கு 100 சென்ட், அது ஸ்வர இடைவெளியை அளக்கும் அலகு. அந்தர காந்தாரம் தம்பூராவில் தானாக ஒலிக்கும்போது 386 சென்ட் அளவில் நிற்கும். ஹார்மோனியத்தில் 400. பதினான்கு சென்ட் தூக்கல். கல்யாணியை நிறுத்திப் பாடும்போது காது இருப்பவர்களுக்குக் குத்தும். பஞ்சமத்தில் வித்தியாசம் இரண்டே சென்ட், யாருக்கும் தெரியாது. கமகம் வராது, சுருதி ஒட்டாது என்றெல்லாம் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-இலிருந்து 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. அரசியலும் அதில் உண்டு, அது வேறு இழை.

ஆக இங்கே டெம்பர்ட் என்றால் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. எந்த ஸ்வரமும் முழு சுத்தம் இல்லை, எதுவும் ஒரேயடியாகக் கெடவும் இல்லை.

மட்டுறுத்துநர்

ஹார்மோனிய அரசியலுக்கு உண்மையாகவே வேறு இழை இருக்கிறது, அங்கே போகவும். பொங்கோல்வாசிக்குத் தாளுக்கான சொல் இன்னும் கிடைக்கவில்லை.

தெம்பனிஸ் தம்பி

மட்டுறுத்துநரே, நீங்கள் செய்வதும் டெம்பரிங்தானே?

மட்டுறுத்துநர்

சூடு காட்டாமல் செய்யப் பார்க்கிறேன்.

உலைக்கூடம்

சொல்லுக்கு வருவோம். ‘புடம் போட்ட கண்ணாடி’ என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் புடம் போடுவது தங்கத்தின் மாசை நீக்குவதற்கு, அல்லது சித்த மருந்தைப் பஸ்பமாக்குவதற்கு. டெம்பரிங்கில் எந்த மாசும் போவதில்லை. அனுபவத்தால் டெம்பர்ட் ஆன தலைவர் என்று ஆங்கிலத்தில் வந்தால், “அனுபவத்தில் புடம் போடப்பட்டவர்” என்று தமிழில் எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது வழக்கு. பட்டறை வேலைக்கு அது ஆகாது.

ஈசூன் டீச்சர்

புடத்தைப் பற்றி நானும் அதையே சொல்ல இருந்தேன்.

துவைச்சல் என்று முன்னால் எழுதினீர்களே, அதைப் படித்ததும் புறநானூற்று 21-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. ஐயூர் மூலங்கிழார் பாடியது. வேங்கைமார்பனிடமிருந்து உக்கிரப்பெருவழுதி கானப்பேர் எயிலைப் பிடித்துவிட்டான். இழந்தவனால் அந்தக் கோட்டையைத் திரும்ப எடுக்க முடியாது. எப்படிச் சொல்கிறார் பாருங்கள்: ‘கருங்கைக் கொல்லன் செந்தீ மாட்டிய இரும்புண் நீரினும் மீட்டற்கு அரிது’. கொல்லன் சிவக்கக் காய்ச்சிய இரும்பு குடித்த தண்ணீரைத் திரும்பப் பெற முடியுமா? அதைவிடக் கடினம் இந்தக் கோட்டையை மீட்பது. உலைப் பக்கம் நின்று, இரும்பு ‘சொர்ர்’ என்று தண்ணீரை இழுப்பதைப் பார்க்காத ஒருவருக்கு இந்த வரி வந்திருக்காது.

உலைக்கூடம்

பாட்டு எனக்குத் தெரியாது. ஆனால் ‘இரும்பு தண்ணி குடிச்சிருச்சு’ என்று பட்டறையில் இன்றைக்கும் சொல்வார்கள்.

கிளாஸ்காரன்

இதற்கிடையில் ஒரு சங்கதி, வீட்டில் ஷவர் கதவு இருப்பவர்களுக்கு. யாரும் தொடாமலேயே நடுராத்திரியில் கதவு வெடித்துச் சிதறியது என்று செய்திகளில் அவ்வப்போது பார்ப்பீர்கள். பேய் இல்லை. கண்ணாடி உருக்கும்போது உள்ளே நிக்கல் சல்பைடு துணுக்கு ஒன்று மாட்டிக்கொண்டிருக்கலாம். சட்டென்று குளிர வைத்ததால் அது சூட்டு நிலை வடிவத்திலேயே அடைபட்டுக் கிடக்கும். மாதக் கணக்கிலோ வருடக் கணக்கிலோ மெல்லத் தன் குளிர் நிலை வடிவத்துக்குத் திரும்பும்போது பருமன் கொஞ்சம் கூடும். அது இழுவையில் இருக்கும் நடுப்பகுதியில் இருந்தால், அவ்வளவுதான். இதைத் தவிர்க்கத்தான் ஹீட் சோக் என்று ஒரு சோதனை. பலகையைத் தொழிற்சாலையிலேயே 250 பாகைக்கு மேல் சில மணி நேரம் வைப்பார்கள். உடைகிறது அங்கேயே உடையட்டும் என்று. முழு உத்தரவாதம் கிடையாது, ஆபத்து நன்றாகக் குறையும். ஆனால் நான் பார்த்த வரையில் வீடுகளில் விளிம்பில் பட்ட அடி, கீலைக் கண்டபடி முறுக்கியது, இவற்றால் உடைந்ததுதான் அதிகம். கதவு ஓட்டில் இடிக்காமல் நிற்க ஒரு ரப்பர் தடுப்பு ஒட்டிவிடுங்கள்.

சொல்லைப் பொறுத்தவரை, வேலையாட்களுக்குப் புரிவதுதான் எனக்கு முக்கியம். எல்லோரும் டெம்பர்ட் கிளாஸ் என்றுதான் பேசுகிறார்கள். அதையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

யாழ் சிராங்கூன்

அதுவும் சரிதான். ஆனால் அரசாங்கத் தாள் என்றால் தமிழ்ச் சொல் கட்டாயம் வேணும் என்பினம். 2022-இல் சிங்கப்பூர் அரசாங்கம் தொடங்கிய எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்டுப் பார்த்தீங்களோ? முடிவை அப்படியே எடுக்காமல், தொடக்கமாக வைச்சுக்கொள்ளலாம்.

பொங்கோல்வாசி

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் டீச்சர் எழுதியதைக் காட்டினேன். “அப்போ என் ஆன்சர் பாதி கரெக்ட்” என்கிறாள். சொல்வெட்டி ரகம்.

தாளுக்கு இப்படி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

டெம்பர்ட் கண்ணாடி (வெப்பமூட்டி வலுவாக்கிய கண்ணாடி)
இதை அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், கிரைண்டர் வைக்காதீர்கள். முழுப் பலகையும் நொறுங்கிவிடும்.
மூலை தரையில் படக் கூடாது. மரக்கட்டை அல்லது ரப்பர் மேல் நிறுத்துங்கள்.
சக்‌ஷன் கப் போட்டு இருவர் சேர்ந்து தூக்குங்கள்.
கண் கவசமும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

கிளாஸ்காரன்

அருமை. ‘இருவர்’ என்று எண்ணிக்கை போட வேண்டாம். பெரிய பலகைக்கு நான்கு பேர் தேவைப்படும். “தனியாகத் தூக்காதீர்கள்” என்று மாற்றுங்கள். காற்றடிக்கும்போது வெளியில் நகர்த்தக் கூடாது என்றும் ஒரு வரி.

ஈசூன் டீச்சர்

‘வெப்பமூட்டி வலுவாக்கிய’ நன்றாக இருக்கிறது, அப்படியே விடுங்கள். ‘கண் கவசம்’ பிரித்தே இருக்கட்டும். சேர்த்து எழுதினால் ‘கண்கவசம்’ என்று ஒரு புதுக் கவசம் ஆகிவிடும்.

சொல்வெட்டி

‘வெப்பமூட்டி’ மட்டும் போதாது, சட்டென்று குளிர வைத்ததால்தானே வலு? “சூடேற்றிக் குளிரவைத்து வலுவாக்கிய” என்று இருக்க வேண்டும்.

பொங்கோல்வாசி

சரியான பொருள்தான், ஆனால் தாளில் இடமில்லை அண்ணே. அந்த வரிக்கு நான்கு விரற்கடை அகலம்தான் விட்டிருக்கிறார்கள். கிளாஸ்காரன் சொன்ன இரண்டு திருத்தத்தையும் போட்டு நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கிறேன். புதுக்கோட்டைத் தம்பியை வாசிக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான்.